புள்ளியைத் தொட்டுக் கேட்கிற பிள்ளை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் எழுதுவதெல்லாம் கடைக்குப் போகிற துண்டும், ஊரில் இருந்த காலத்தில் எழுதிய கடிதங்களும்தான். எங்கள் வயதுபோனவர்களின் கூட்டத்து ஆண்டு மலருக்கு, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் படிப்பித்த வாத்தியாரையும் கோயில் ஐயரையும் எழுதுகிறார்களாம். எனக்கு நினைவில் வருவது எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்த ஒரு பிள்ளை. அந்த நினைவும் இப்போது ஓட்டை விழுந்ததுதான். முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்தப் பிள்ளை கோபிக்க மாட்டாள். மன்னிப்புக் கேட்பாள். அப்படிப்பட்ட பிள்ளை.

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவள். ரொக்ஸ்பரோவில் என் மகனின் வீட்டில் இருந்துகொண்டு, ரயிலேறி நகரத்துக்குள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்வருவாள். மெலிந்த உருவம். குளிர்காலத்தில் அவளுடைய ஜாக்கெட் நடந்து வருவதுபோல இருக்கும், உள்ளே ஆள் இருப்பது தெரியாது. என் மகனை "அண்ணா" என்பாள், என்னை "ஆன்ட்டி" என்பாள். கூட்டத்தில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் அவளிடம் இருந்த பெயர் அந்த ஒன்றுதான்.

அவள் வாயில் எந்நேரமும் ஒரு கேள்வி இருக்கும்: "ஆன்ட்டி, இது எங்கருந்து வந்துச்சு?"

மருமகளுக்கு என் ரசம் பிடிக்கவில்லை என்று ஒருநாள் அவளிடம் சொல்லிக் கவலைப்பட்டேன்.

"அவங்க குடிச்சுப் பாத்துச் சொன்னாங்களா, இல்ல அவங்க மூஞ்சியப் பாத்து நீங்களே நெனச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மூஞ்சியைப் பார்த்து நினைத்ததுதான்.

கோயிலிலும் இப்படித்தான். பூமணியக்கா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் பேசாததையும் சேர்த்து அவர் பேசுவார் என்று சொல்வார்கள். லவாலில் ஒரு வீட்டுப் பெட்டை வெள்ளைக்காரன் ஒருவனோடு போய்விட்டாள் என்று அவர் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யார் பாத்தாங்க ஆன்ட்டி?" என்றாள் பிள்ளை.

"ஊர் முழுக்கக் கதைக்குது பிள்ளை."

"ஊர்ல மொதல்ல பாத்தவங்க யாரு?"

பூமணியக்கா இன்னொருவரைக் கைகாட்ட, அவர் தன் மச்சாளைச் சொல்ல, மச்சாளும் அன்று கோயிலில் நின்றதால் அவரையும் போய்க் கேட்டாள். கடைசியில் வெளியே வந்தது இவ்வளவுதான்: வேலை விடுகிற நேரம் மெட்ரோவில் அந்தப் பெட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான்.

"அட கோதாரி!" என்று பூமணியக்கா சிரித்துவிட்டார். "நீ படிச்சது காணும். போய்ப் பொலிசில சேர்."

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எது பிழைத்தாலும் அது தன்னிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். சுடுதண்ணீர் வராமல் போன அன்று, "நேத்து நான் ரொம்ப நேரம் குளிச்சுட்டேன் அண்ணா, அதனாலதான்" என்று வந்து நின்றாள்.

"தங்கச்சி, அது வீட்டோட வந்த கிழட்டு மெஷின். நீ குளிக்காட்டிலும் சாகும்" என்றான் என் மகன்.

பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தாலும் "தெசோலே" என்று பிரெஞ்சில் அவள்தான் மன்னிப்புச் சொல்வாள். கதிரையில் இடித்துக்கொண்டு கதிரைக்குச் சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன்.

அவள் செய்த ஆராய்ச்சி எனக்கும் விளங்கக்கூடியதுதான். ஐஸில் எந்தச் சப்பாத்து வழுக்காது என்று பார்ப்பது. வயதுபோன ஆட்களை வைத்துச் செய்ய வேண்டும். "யாராவது வருவாங்களா ஆன்ட்டி?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் வராது. பூமணியக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு வான் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பெரிய குளிரறை. நிலமெல்லாம் ஐஸ். அந்த நிலத்தை ஒரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார்கள். நாங்கள் ஏறி இறங்கி நடக்க வேண்டும். எந்தச் சரிவில் கால் வழுக்குகிறது என்று கொம்பியூட்டர் குறித்துக்கொள்ளும். விழாமலிருக்க உடம்பைச் சுற்றிப் பட்டி கட்டி மேலே கயிற்றில் கொழுவி விடுவார்கள்.

பூமணியக்கா அந்தக் கயிற்றைப் பார்த்தார். "உதென்னடி பிள்ளை, பறவைக்காவடியே? முதுகில செடிலும் குத்துவியோ?"

"இல்ல ஆன்ட்டி, வலிக்காது, வலிக்காது!"

"தூக்கிறதெண்டால் மேளத்தையும் பிடி. சும்மா தொங்க மாட்டன்."

எல்லாரும் சிரித்த சிரிப்பில் அந்தக் குளிரறை கொஞ்சம் சூடானது.

இரண்டு விதமான சப்பாத்து. ஒன்று கறுப்பு, மற்றது மண்ணிறம். ஒவ்வொருவரும் இரண்டையும் போட்டு நடக்க வேண்டும். பூமணியக்கா கறுப்பைப் போட்டு நடந்தார். நல்ல சரிவு வரைக்கும் வழுக்கவில்லை. பிறகு, "எனக்குக் கால் விறைக்குது, ஒண்டோட காணும்" என்று இறங்கிவிட்டார். மண்ணிறத்தை அவர் தொடவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்துப் பிள்ளை தன் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து எனக்குப் படம் காட்டினாள். வெள்ளைத் தாளில் கடுகு சிந்தியதுபோலப் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள் ஆன்ட்டி. மேல போகப் போக வழுக்காம நடந்தவங்க."

பெயர் வராது. ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்திருந்தார்கள். என் இலக்கத்தை மட்டும்தான் எனக்குக் காட்டுவேன் என்றாள். அம்புக்குறியை ஒரு புள்ளியின் மேல் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில் எண்கள் வந்தன. நான் கீழே ஒரு மூலையில் தனியாகக் கிடந்தேன். அங்கேயும் ஒதுங்கித்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"கிராஃப் வெறும் படம் ஆன்ட்டி. அழகா இருக்கும், நம்பிடுவோம். தொட்டுப் பாக்கணும். நீ யாரு, எங்கருந்து வந்தேன்னு கேட்டா அது சொல்லணும். சொல்லலைன்னா அது புள்ளியில்ல, அழுக்கு."

பூமணியக்காவின் இலக்கமும் எனக்குத் தெரியும். அவர் அதை லொத்தர் நம்பர் மாதிரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

இரண்டு சப்பாத்தையும் ஒன்றாகப் போட்ட படம் ஒன்று பிறகு வந்தது. அதில் மண்ணிறம் உயர நின்றது. பேராசிரியர் பார்த்து, இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றாராம். ஆனால் பனி தொடங்கிவிட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு வந்து, "பிரவுன்தான் நல்லது ஆன்ட்டி, அதையே வாங்குங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் வாங்கினோம். பூமணியக்காவும் வாங்கினார். அவர் கால் எப்போதும் வீங்கியிருக்கும். அகலமான அந்தச் சப்பாத்து அவருக்கு அளவாக அமைந்துவிட்டது.

ஒரு காலை நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை மேலே வந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"ஆன்ட்டி, பூமணி ஆன்ட்டி அன்னைக்கு பிரவுன் போடவே இல்லல்ல?"

"இல்லைப் பிள்ளை. கறுப்போட இறங்கினவ எல்லோ."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தனான். நான் பக்கத்திலதான் நிண்டனான்."

அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். "அவங்க புள்ளி பிரவுன்ல இருக்கு ஆன்ட்டி."

நான் அடுப்பை நிற்பாட்டினேன். எனக்கு விளங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மேசையில் இருந்த சம்பல் தட்டையும் சட்னித் தட்டையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

"கருப்போட கிராஃப் ஒண்ணு, பிரவுனோடது ஒண்ணு. ரெண்டையும் ஸ்க்ரீன்ல இப்படித் தொறந்து வச்சிருந்தேன். நான் கம்ப்யூட்டருக்கு எழுதுன ஸ்க்ரிப்ட் என்ன பண்ணும்னா, மேல எது இருக்கோ அதுலருந்து புள்ளிங்கள எடுத்துக்கும். நான் 'கருப்பு'ன்னா கருப்புன்னு பேர் எழுதிக்கும், 'பிரவுன்'னா பிரவுன்னு எழுதிக்கும். மேல இருக்கறது நெசமா எதுன்னு கேக்காது. அன்னைக்கு மேல வேற இருந்திருக்கு. மாறிப்போச்சு ஆன்ட்டி. கருப்புதான் நல்லது. பிரவுன்தான் வழுக்கறது."

ஊரையெல்லாம் கேட்கிறவள், தான் எழுதிய ஸ்க்ரிப்டுக்கு மட்டும் கேட்கப் பழக்க மறந்துபோனாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். மேல இருக்கறதக் கூப்பிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பேராசிரியர் கோபிக்கவில்லையாம். இன்னும் எங்கேயும் வெளிவராத படம், நல்லவேளை நீயே பிடித்தாய், திருத்திவிடு என்று சொன்னாராம். நான் அதைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன்.

"அவருக்கு அது திருத்த வேண்டிய ஒரு லைன் ஆன்ட்டி. நான் சொல்லி இத்தன பேர் கால்ல மாட்டிட்டு நடக்கறாங்க."

அடுத்த கூட்டத்துக்கு அவளோடு நானும் போனேன். தன்னுடைய தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், நீங்கள் உங்கள் பேச்சில் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருந்தாள். மண்டபத்தில் அத்தனை முகங்களையும் கண்டதும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளேதான் சொன்னாள். தட்டு இல்லாததால் கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சொன்னாள்.

பிறகு பூமணியக்கா தொடங்கினார்.

"போன கிழமை மண்ணிறம், இந்தக் கிழமை கறுப்பு. வாற கிழமை வெறுங்காலோ பிள்ளை?"

மண்டபம் சிரித்தது. "இனி நாங்கள் எதைத்தான் நம்பிறது?" என்று இன்னொருவர் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

"என்ன நம்பாதீங்க. ஆனா பிரவுன் போடாதீங்க, ப்ளீஸ்" என்றாள் பிள்ளை.

சிலர் மாற்றினார்கள். நான் மாற்றினேன். கூட்டம் முடிந்து போகும்போது அவள் வாசலில் குந்தியிருந்து ஒவ்வொருவருடைய காலையும் பார்த்தாள். அன்றிலிருந்து வெறும் "ஆன்ட்டி" இல்லை. என்னைத் தவிர எல்லாரையும் பெயர் சேர்த்துத்தான் கூப்பிட்டாள்.

"பூமணி ஆன்ட்டி, நீங்க கண்டிப்பா மாத்திடுங்க."

"ஓம் ஓம், பேந்து மாத்திறன்" என்றார் பூமணியக்கா. என் பக்கம் திரும்பி மெல்ல, "இந்த வீங்கின கால் கறுப்புக்குள்ள கனநேரம் தாங்காது. இதுதான் எனக்குச் சுகம்" என்றார்.

கொஞ்ச நாளில் ஐஸ் மழை வந்தது. இங்கே இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மரம், கார், படி எல்லாம் கண்ணாடிக்குள் போட்டதுபோல இருக்கும். அன்று பகல் பால் வாங்கத் தெருமுனைக் கடைக்கு, தெப்பனருக்குப் போவோம் என்று நானும் பூமணியக்காவும் கைபிடித்துக்கொண்டு அவர் வீட்டுப் படியால் இறங்கினோம். நான் கறுப்பு. அவர் மண்ணிறம். கடைசிப் படியில் என் கைக்குள் இருந்து அவர் கை நழுவிப் போனது. விழுந்த சத்தம் பெரிதாகக் கூட இல்லை.

அம்புலன்சில் வந்தவர்கள் அவருடைய சப்பாத்தைக் கழற்றி ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

கேள்விப்பட்டு மறுநாள் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். ஜாக்கெட் கூடப் பூட்டவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பை என் கதிரைக்குக் கீழே இருந்தது. பூமணியக்காவின் மகளிடம் கொடுக்கலாம் என்று கொண்டுபோயிருந்தேன்.

வணக்கமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை. "பூமணி ஆன்ட்டி, கால்ல எது போட்டிருந்தீங்க?"

பூமணியக்கா ஒரு மூச்சு இழுக்கிற நேரம் அவளைப் பார்த்தார். பிறகு வழமையான குரலில் சொன்னார்: "செருப்பு, பிள்ளை. வாசல்தானே எண்டு வீட்டுச் செருப்போட இறங்கினன். என்ரை திமிர். வேறென்ன?"

பிள்ளை நம்ப விரும்பினாள். அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவள் அவள்தானே. என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நீங்க கூட இருந்தீங்கல்ல. நீங்க பாத்தீங்களா? செருப்பா?"

என் குதிக்காலால் பையை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"ஓம் பிள்ளை. செருப்பு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. என்னைத் தெரிந்த நாளிலிருந்து அந்த ஒருதரம்தான் அவள் ஒன்றைக் கேட்டவுடன் எடுத்துக்கொண்டாள். கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதாள். பாரம் இறங்கின அழுகை. பூமணியக்கா ஊசி குத்தியிருந்த கையால் அவள் தலையைத் தடவி, "விசரி, காவடியில தொங்கேக்கை விழாத நான் படியில விழுந்திட்டன் பார்" என்றார்.

அவள் போன பிறகு, "ஏனக்கா அப்படிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"சொல்லாட்டி என்ரை காலை அது தன்ரை தலையில தூக்கிக்கொண்டு திரியும். அது சொல்லியும் கேட்காமல் போட்டது நான். என்ரை காலை நானே தூக்கிறன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ வாய் திறப்பாய் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

மண்டபத்தில் அவளுக்காகத் திறக்காத வாய் அங்கே திறந்தது. அது எனக்கும் இன்றுவரை விளங்காத விஷயம்.

பூமணியக்கா முன்னைப்போல நடக்கவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்து பொல்லாலேயே ஆட்களைப் பகிடி பண்ணினார். பிள்ளை படிப்பை முடித்து வன்கூவருக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவ்வளவு பனி இல்லை. ஆனால் எங்கள் காலநிலையை ரெலிபோனில் பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே ஐஸ் மழை என்றால் அழைப்பு வரும். "ஆன்ட்டி, எல்லாரும் கருப்புதானே?" என்பாள். ஓம் என்பேன். அது உண்மைதான். இப்போது எல்லாரும் கறுப்புத்தான்.

போன வருடம் பூமணியக்கா நெஞ்சு வருத்தத்தில் காலமானார். பிள்ளைக்கு நான்தான் சொன்னேன். நெடுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: "ஒரு விஷயத்துலதான் ஆன்ட்டி ஆறுதல். அவங்க விழுந்தது என்னால இல்ல. அவங்க மட்டும் சொல்லியிருந்தா, எனக்காகச் சொல்றாங்கன்னு நெனச்சிருப்பேன். நீங்க பாத்தேன்னு சொன்னதாலதான் நம்புனேன். இல்லன்னா அன்னைக்கே எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்குப் போயிருப்பேன்."

நான் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் மௌனம் அவளுக்குப் பழக்கம். அவள் அதைக் கேட்கவில்லை.

இப்போது அவள் வேலை செய்கிற இடத்தில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கும், படத்தை நம்பாதே, புள்ளியைத் தொட்டுக் கேள் என்றுதான் சொல்லிக் கொடுக்கிறாளாம். அவளிடமே தொடப்படாத புள்ளி ஒன்று இருக்கிறது. அதை வைத்தவள் நான். அதைச் சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்று பயம். சொல்லாமல் விட்டால் அவளை நான் ஏமாற்றிக்கொண்டே இருக்கிறேன் என்றும் பயம். அந்தச் சப்பாத்துகளைப் பூமணியக்காவின் மகளிடமும் கொடுக்கவில்லை. எங்கள் கராஜில் அதே பையோடு கிடக்கின்றன.

இதைத் தட்டெழுதுகிற தங்கச்சிக்கு: தயவுசெய்து யாராவது நான் எழுதியதைச் சரிபார்க்கவும். கொம்பியூட்டர் மேலே கிடக்கிற படத்தை எடுக்கும் என்று நான் சொன்னது சரியா என்று தெரிந்தவர்களைக் கேளுங்கள். கறுப்பையும் மண்ணிறத்தையும் எங்கேயாவது மாற்றி எழுதியிருக்கிறேனா என்று திருப்பிப் பாருங்கள். இதை வாசித்துவிட்டு யாரும் பிழையானதை வாங்கக் கூடாது. என் எழுத்துப் பிழைகளையும் திருத்துங்கள். மலரை வன்கூவருக்கும் அனுப்புவதா என்று கேட்டிருந்தீர்கள். விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், அனுப்புங்கள்.

பூமணியக்காவின் காலில் அன்று இருந்ததை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதைக் கேட்க வேண்டியவள் ஒருத்திதான். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டால், பார்த்தவளிடமிருந்து என்று சொல்லுங்கள்.